எண்ணிவிட்டு ஊதுங்கள்

போன ஞாயிற்றுக்கிழமை ரெஃப்ரி வகுப்பு முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது உங்களில் ஒருவர் என்னிடம் வந்து கேட்டார்: "சார், பந்து கோலுக்குள்ள போற நேரத்துல குறுக்க ஒரு நாய் வந்து மோதிருச்சுன்னா என்ன முடிவு?" எல்லோரும் சிரித்தீர்கள். நான் சிரிக்கவில்லை, ஏனென்றால் எனக்கு அது நடந்திருக்கிறது. விளாங்குடிப் பக்கம் ஒரு மைதானம். நாய் இல்லை, வெள்ளாடு. பந்து ஆட்டின் முதுகில் பட்டும் கோலுக்குள்ளேயே போனது. தடுக்க ஓடிவந்த யாருக்கும் ஆடு இடைஞ்சலாக இல்லை. கோல் கொடுத்தேன். ஆடு பந்தை வெளியே தள்ளியிருந்தால், ஆட்டத்தை நிறுத்திப் பந்தைக் கீழே போட்டு மறுபடி தொடங்கியிருப்பேன். அவ்வளவுதான் விஷயம். ஆட்டுக்காரர்தான் கடைசிவரை தன் ஆட்டுக்கு என்ன ஆச்சு என்று என்னிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

இதெல்லாம் விதிப்புத்தகத்தில் இருக்கிறது. பந்து வெடித்தால் என்ன, கம்பம் சாய்ந்தால் என்ன, வேடிக்கை பார்க்கிறவன் விசில் ஊதினால் என்ன, எல்லாவற்றுக்கும் பதில் போட்டிருக்கிறார்கள். நீங்கள் படித்த பிள்ளைகள், ஒரு மாதத்தில் மனப்பாடம் செய்துவிடுவீர்கள். நான் சொல்ல வருவது ஒரே ஒரு விதியைப் பற்றி. கோல் விழுந்த பிறகு பந்தை நடுவட்டத்தில் வைத்து நாம் மறுபடி விசில் ஊதுகிறோம் அல்லவா? அந்த இரண்டுக்கும் நடுவே அரை நிமிடம், மிஞ்சினால் ஒரு நிமிடம் கிடைக்கும். அதற்குள் நம் முடிவு தப்பு என்று தெரிந்தால் மாற்றிக்கொள்ளலாம். ஆட்டம் தொடங்கிவிட்டால் முடியாது. தப்பான கோல் என்று ஊருக்கே தெரிந்தாலும் அது கோல்தான்.

இந்த விதியிடம் நான் இரண்டு முறை மாட்டினேன். முதல் முறை தலைகுனிந்து வீட்டுக்குப் போனேன். இரண்டாவது முறையைப் பற்றிப் பெருமை பேசப் போகிறேன். ரிட்டயர் ஆனவன் பெருமை பேசக் கூடாதென்று எந்தப் புத்தகத்திலும் இல்லை.

என் பிழைப்பு என்னவென்று உங்களில் பலருக்குத் தெரியாது. நான் டவுன் பஸ் கண்டக்டர். பகலில் பஸ், ஓய்வு நாளில் மைதானம். இரண்டு இடத்திலும் கழுத்தில் விசில். வண்டியில் எழுபது பேர் நசுங்கிக்கொண்டு நின்றாலும், எந்த ஸ்டாப்பில் எத்தனை பேர் ஏறினார்கள், யார் இன்னும் டிக்கெட் எடுக்கவில்லை என்று பின்படியில் நின்றபடியே சொல்லிவிடுவேன். டிப்போவில் அதற்கு எனக்கு ஒரு பெயர் உண்டு. இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள், அப்போதுதான் நான் செய்த காரியத்தின் லட்சணம் புரியும்.

அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. மாவட்ட லீக்கின் இறுதி ஆட்டம். வைகைக் கரையோரம் ஒரு மைதானம். ஜெயிக்கிற அணி மாநிலப் போட்டிக்குப் போகும். அங்கேதான் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலைக்கு ஆள் எடுக்கிறவர்கள் வந்து உட்கார்ந்திருப்பார்கள். ஒரு பக்கம் பசுமலை அணி, இன்னொரு பக்கம் கோரிப்பாளையம் அணி. கோரிப்பாளையத்துக்குக் கோல்கீப்பர் யாசின். இருபத்திரண்டு வயது. அந்த வயதில் அப்படி ஒரு கீப்பரை இந்த மாவட்டத்தில் நான் அதற்கு முன்னும் பார்க்கவில்லை, பின்னும் பார்க்கவில்லை. ஆனால் வாய் ஓயாது. முதல் பாதி முழுக்க ஒவ்வொரு முடிவுக்கும் கோலில் நின்றபடியே, "அண்ணே, அது எப்பிடிண்ணே? அண்ணே, கண்ணத் தொறந்து பாருங்கண்ணே" என்று கத்திக்கொண்டே இருந்தான். எனக்கு உள்ளே எரிச்சல் ஏறிக்கொண்டிருந்தது.

இடைவேளையில் பசுமலை அணி ஆள் மாற்றியது. புது ஆள் உள்ளே வந்தான். வெளியே போக வேண்டியவனும் பழக்கத்தில் உள்ளே வந்துவிட்டான். வேண்டுமென்று செய்ததில்லை, பிற்பாடு விசாரித்ததில் தெரிந்தது. எனக்குச் சாயங்காலம் டியூட்டி இருந்தது. நேரமாகிறதே என்ற நினைப்பில், இரண்டு லைன்ஸ்மேன்களையும் பார்த்துக் கையை மட்டும் ஆட்டிவிட்டு இரண்டாம் பாதிக்கு விசில் ஊதினேன். ஆட்களை எண்ணவில்லை.

நாலு நிமிடம் கூட ஆகவில்லை, பசுமலை கோல் போட்டது. நல்ல கோல், தலையால் முட்டியது. நான் நடுவட்டத்தைக் காட்டினேன். யாசின் கோலை விட்டு என்னிடம் ஓடிவந்தான்.

"அண்ணே, பன்னெண்டு பேரு ஆடுறாய்ங்க. எண்ணிப் பாருங்கண்ணே!"

"போய் கோல்ல நில்லு."

"ஒரு தடவ எண்ணுங்கண்ணே. அம்புட்டுத்தான் கேக்குறேன்."

எண்ணியிருக்கலாம். பத்து நொடி ஆகியிருக்காது. ஆனால் என் மனசில் ஓடியது வேறு. இவன் சொல்லி நான் எண்ணுவதா? கூட்டம் பார்த்துக்கொண்டிருக்கிறது, இவன் சொன்னதும் நான் விரலை நீட்டி எண்ணினால் என் மரியாதை என்ன ஆவது? நேரத்தைக் கடத்துகிறான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பையிலிருந்து மஞ்சள் அட்டையை எடுத்து அவன் முகத்துக்கு நேராகக் காட்டிவிட்டு, விசில் ஊதி ஆட்டத்தைத் தொடங்கி வைத்தேன்.

பந்து இரண்டு கால் மாறியது. என் கண் தன்பாட்டுக்கு எண்ணத் தொடங்கியது. கண்டக்டர் கண் அல்லவா, அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. பசுமலைப் பக்கம் பன்னிரண்டு பேர்.

ஆட்டத்தை நிறுத்தி, கூடுதல் ஆளை வெளியே அனுப்பினேன். யாசின் கத்தவில்லை. கோல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றபடி, "அந்தக் கோலு?" என்று மட்டும் கேட்டான்.

"ஆட்டம் தொடங்கிருச்சு. கோல் நிக்கும்" என்றேன். விதி அதுதான். விதி என் பக்கம் இருந்ததில் எனக்கு வெட்கமாக இருந்தது.

ஒன்றுக்குப் பூஜ்ஜியம். பசுமலை மாநிலப் போட்டிக்குப் போனது. யாசினின் பெயர் எந்தத் தேர்வாளர் காதிலும் விழவில்லை. அடுத்த சீசனில் அவனுடைய அத்தாவுக்கு உடம்புக்கு முடியாமல் போக, அவன் கையுறையைக் கழற்றிவிட்டு அவருடைய டூவீலர் ஒர்க்‌ஷாப்பில் உட்கார்ந்தான். கோரிப்பாளையம் சிக்னலில் என் பஸ் நிற்கிற இடத்துக்கு நேர் எதிரே அந்தக் கடை. ஒரு நாளைக்கு எட்டு சிங்கிள், அதாவது எட்டு ஒருவழி டிரிப், அடிப்பேன். எட்டுத் தடவையும் சிக்னல் விழும். எட்டுத் தடவையும் அவன் ஏதாவது ஒரு வண்டியைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருப்பான்.

அன்றைக்கு எழுதிய ரிப்போர்ட்டில் 'நான் எண்ணவில்லை' என்று எழுதினேன். 'கோல்கீப்பர் எண்ணச் சொன்னார், அப்போதும் எண்ணவில்லை' என்பதையும் சேர்த்தேன். ஒரு வருடம் விசில் கிடையாது, லைனில் நின்று கொடி பிடி என்றார்கள். பிடித்தேன். டிப்போவில் என் வண்டி டிரைவர் விடவில்லை. "ஏன் மாப்ள, வண்டில படியில தொத்திட்டு வாரவன் வரைக்கும் கணக்கு வச்சிருப்ப. அங்க வெட்டவெளில பன்னெண்டு பேர எண்ணத் தெரியலையா?" என்று கேண்டீனில் எல்லோர் முன்னாலும் கேட்டார். டீயை முழுக்கக் குடிக்காமல் எழுந்து போனேன்.

அதிலிருந்து ஒரு பழக்கம். ஒவ்வொரு பாதி தொடங்கும் முன்னும், ஒவ்வொரு கோலுக்குப் பிறகும், நடுவட்டத்தை நோக்கிப் பின்னாலேயே நடந்தபடி இரண்டு பக்கமும் எண்ணுவேன். கோல்கீப்பரிலிருந்து தொடங்குவேன். ஐந்துக்குப் பூஜ்ஜியம் என்று ஆட்டம் செத்துக் கிடந்தாலும் எண்ணுவேன். கூட்டத்துக்கு அது ஒரு வேடிக்கையாகிவிட்டது. நான் எண்ணத் தொடங்கியதும் எவனாவது, "உள்ள போ, உள்ள போ, படியில நிக்காத!" என்று குரல் கொடுப்பான். இன்னொருவன், "டிக்கெட் டிக்கெட்!" என்பான். மைதானமே சிரிக்கும். நான் எண்ணி முடித்துவிட்டுத்தான் ஊதுவேன். பதினைந்து வருடம் எண்ணினேன். ஒரு தடவைகூடப் பன்னிரண்டு வரவில்லை.

பதினாறாவது வருடம் வந்தது.

இடம் பசுமலை அடிவாரத்தில் ஒரு கல்லூரி மைதானம். அதே மாவட்ட லீக், அதே இறுதி ஆட்டம், ஜெயிக்கிறவர்கள் மாநிலப் போட்டிக்கு. ஒரு பக்கம் மேலூர்ப் பக்கத்திலிருந்து வந்த அணி. இன்னொரு பக்கம் கோரிப்பாளையம். கோச், யாசின். நான் இவ்வளவு நேரம் அவன் இவன் என்று எழுதினேன், இனிமேல் அவர் என்றுதான் எழுத வேண்டும். தாடியில் நரை விழுந்திருந்தது. கடை சாத்தின பிறகு விளையாட ஆள் சேர்த்து, பழைய பந்தைத் தைத்துக் கொடுத்து, அந்த அணியை அவர் ஒற்றை ஆளாக உருவாக்கியிருந்தார். பதினாறு வருடத்துக்குப் பிறகு கோரிப்பாளையம் மறுபடி இறுதி ஆட்டத்தில் நிற்கிறது. ஆட்டத்துக்கு முன் கை குலுக்கினோம். அவர் பழசு எதையும் பேசவில்லை. நானும் பேசவில்லை.

ஆட்டம் முடிய மூன்று நிமிடம் இருக்கிறது. ஆளுக்கொரு கோல். சமமானால் நேராகப் பெனால்டி. கோரிப்பாளையத்தின் ஏழாம் நம்பருக்குக் காலில் தசை பிடித்துக்கொண்டது. எதிர்ப்பக்கத்து எல்லைக்கோட்டுக்கு வெளியே போய்ப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். அவன் நொண்டிக்கொண்டே போய் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்தான். யாரோ காலை நீவிவிட்டார்கள். இந்தப் பக்கம் யாசின், ஏழுக்குப் பதில் பதினான்காம் நம்பரை இறக்கக் கேட்டார். ஏழுதான் வெளியே இருக்கிறானே என்று பதினான்கை உள்ளே விட்டேன். உன்னை மாற்றிவிட்டார்கள் என்று அந்த ஏழாம் நம்பரிடம் சொல்ல நான் யாரையும் அனுப்பவில்லை. அது என் பிசகு. ரிப்போர்ட்டில் அதையும் எழுதினேன்.

ஏழாம் நம்பருக்குக் கால் சரியாகிவிட்டது. அந்த நேரம் பார்த்துப் பந்து அவன் பக்கமாகவே உருண்டு வந்தது. தன்னை மாற்றியது தெரியாத ஆட்டக்காரன் என்ன செய்வான்? உள்ளே ஓடிவந்து, பந்தை எடுத்துக்கொண்டு போய், கோல் முன்னால் தூக்கிப் போட்டான். ஒன்பதாம் நம்பர் எழும்பி முட்டினான். கோல்.

என் கண் கோல் முன்னால் நடக்கிற தள்ளுமுள்ளில் இருந்தது. லைன்ஸ்மேன் கண் ஆஃப்சைடு கோட்டில் இருந்தது. பந்தைப் போட்டவன் யார் என்று இருவருமே பார்க்கவில்லை. நான் நடுவட்டத்தைக் காட்டினேன். கோரிப்பாளையத்துக் கூட்டம் வேலியைப் பிடித்து ஆட்டியது. கொட்டு அடித்தார்கள். யாசின் தரையில் மண்டியிட்டு இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியதை நான் பார்த்தேன்.

பின்னாலேயே நடந்தபடி எண்ணினேன். கூட்டத்திலிருந்து, "டிக்கெட் டிக்கெட்!" மேலூர்ப் பக்கம் பதினொன்று. கோரிப்பாளையம், பன்னிரண்டு.

மறுபடி எண்ணினேன். பன்னிரண்டு. அப்போதுதான் ஏழாம் நம்பர் சட்டை கண்ணில் பட்டது.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். யாரும் கேட்கவில்லை. மேலூர் அணிக்காரர்கள் தலையில் கை வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். அடிபட்டவன் திரும்பி வந்திருக்கிறான் என்று நினைத்திருப்பார்கள், பதினான்கு இறங்கியதை அவர்கள் கவனிக்கவே இல்லை. பந்து நடுவட்டத்தில் இருக்கிறது. விசில் என் வாயில் இருக்கிறது. ஊதிவிட்டால் போதும். அதன் பிறகு யார் கண்டுபிடித்தாலும் கோல் நிற்கும், விதியே எனக்குக் காவல் நிற்கும். இன்னும் சொல்கிறேன், மறைக்காமல். பதினாறு வருடமாகச் சிக்னலில் நின்று பார்த்த அந்தக் கடை என் கண்ணில் வந்தது. அன்றைக்குத் தப்பாக ஒரு கோலை அவருக்கு எதிராகக் கொடுத்தேன், இன்றைக்குத் தப்பாக ஒன்றை அவருக்குக் கொடுத்துவிட்டால் சரியாகிவிடாதா என்று மனசு கேட்டது. ரொம்ப இனிமையாகக் கேட்டது. ஊத மூச்சைக்கூட இழுத்துவிட்டேன்.

பிறகு விசிலை வாயிலிருந்து எடுத்தேன். லைன்ஸ்மேனிடம் நடந்தேன். அவர் இளைஞர்.

"பந்தப் போட்டது யாரு?"

"ஏழுதாண்ணே" என்றார். பிறகு அவருக்கே உறைத்தது. "ஐயய்யோ. அவன மாத்திட்டோமே! அண்ணே, எவனும் கவனிக்கல. கூட்டத்தப் பாருங்க. சொன்னா நம்மள வீட்டுக்கு விட மாட்டாய்ங்க."

"அதுக்குத்தான் சொல்லிட்டுப் போவோம்" என்றேன். என்ன அர்த்தத்தில் சொன்னேன் என்று இன்று வரை எனக்குத் தெரியாது. அவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

யாசினைக் கோட்டருகே கூப்பிட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார். "என்னண்ணே, ஆஃப்சைடா?"

"இல்ல யாசின். உங்க பக்கம் பன்னெண்டு பேரு நிக்கிறாங்க. ஏழாம் நம்பர் திரும்ப உள்ள வந்துட்டாப்ல. பந்தப் போட்டதே அவருதான். கோல் இல்ல."

அவர் என்னைத் திட்டவில்லை. திரும்பி நின்று, விரலை நீட்டி, கீப்பரிலிருந்து எண்ணத் தொடங்கினார். உதடு அசைந்தது. பன்னிரண்டாவதாக ஏழாம் நம்பரிடம் வந்ததும் விரல் அப்படியே நின்றது. அவருடைய கேப்டன் ஓடிவந்து, "அவிங்களே கேக்கலண்ணே! கேக்காமலே இவரு எதுக்குண்ணே எண்ணுறாரு?" என்று அழாத குறையாகக் கத்தினான்.

யாசின் என்னைப் பார்த்தார். பதினாறு வருடத்துக்கு முன் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு பார்த்த அதே பார்வை. பிறகு ஏழாம் நம்பரைப் பார்த்து, "வெளிய வாடா" என்றார். அவ்வளவுதான்.

அந்தப் பையன், "எனக்குத் தெரியாதுண்ணே, யாரும் சொல்லலண்ணே" என்று அழுதுகொண்டே வந்தான். அனுமதியில்லாமல் உள்ளே வந்ததற்கு மஞ்சள் அட்டை காட்ட வேண்டும். காட்டினேன். மேலூருக்கு ஃப்ரீ கிக். தண்ணீர் பாட்டில் ஒன்று என் தோளில் விழுந்தது. ஆட்டம் சமமாக முடிந்து, பெனால்டியில் கோரிப்பாளையம் தோற்றது.

போலீஸ் ஜீப்பில்தான் எங்களை வெளியே கொண்டுவந்தார்கள். அன்று சாயங்காலமே கோரிப்பாளையத்து ஆள் ஒருவர், அநியாயத்தைப் பாருங்கள் என்று அந்தக் கோலின் வீடியோவை வாட்ஸ்அப்பில் போட்டார். போட்ட வேகத்தில் ஊரே எண்ணிப் பார்த்தது. எல்லோருக்கும் பன்னிரண்டுதான் வந்தது. எனக்கு யாரும் போன் செய்து மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்பார்கள் என்று நீங்கள் ரெஃப்ரி ஆகியிருந்தால், இப்போதே கிளம்பி வேறு வேலை பாருங்கள். ஆனால் அன்று நான் நன்றாகச் சாப்பிட்டேன், படுத்தவுடன் தூங்கினேன். பதினாறு வருடத்தில் எனக்கு அப்படி ஒரு தூக்கம் வந்ததில்லை. கேட்டும் எண்ணாதவன், கேட்காமலே எண்ணியிருக்கிறேன். இந்தத் தொழிலில் நான் செய்ததிலேயே உருப்படியான காரியம் அதுதான் என்று நெஞ்சைத் தட்டிச் சொல்வேன்.

யாசின் மட்டும் ஒரு வருடம் என்னோடு பேசவில்லை. சிக்னலில் பஸ் நிற்கும்போது தலையை நிமிர்த்துவதுமில்லை. நானும் இறங்கிப் போய்ப் பேசவில்லை. என்ன பேசுவது?

அடுத்த வருடமும் கோரிப்பாளையம் இறுதி ஆட்டத்துக்கு வந்தது. அந்த லீக்கில் ஒரு வழக்கம், இறுதி ஆட்டத்துக்கு யாரை ரெஃப்ரியாகப் போடலாம் என்று இரண்டு கோச்சுகளிடமும் கேட்பார்கள். எனக்கு அது கடைசி சீசன், என்னைக் கேட்க மாட்டார்கள் என்று அன்றைக்கு டியூட்டிக்கே எழுதிக் கொடுத்துவிட்டேன். கமிட்டிச் செயலாளர் டிப்போவுக்கே வந்துவிட்டார். யாசின் என் பெயரைச் சொன்னாராம்.

"ஏம்ப்பா, அவராலதான போன வருஷம் போச்சு?" என்று இவர் கேட்டிருக்கிறார்.

"போன வருஷம் மட்டுமா? அவரால எனக்கு ரெண்டு தடவ போச்சு. ஒரு தடவ எண்ணாம, ஒரு தடவ எண்ணி. இப்ப எண்ணுற ஆளாயிட்டாருல்ல, அவரையே போடுங்க" என்றாராம் யாசின்.

செயலாளர் சிரித்துக்கொண்டே சொன்னார். டிரைவர் பக்கத்தில் நின்றிருந்தார். அன்றைக்கு அவர்கூடக் கிண்டல் செய்யவில்லை, என் டியூட்டியைத் தானே பேசி மாற்றிக் கொடுத்தார்.

என் கடைசி ஆட்டம் அது. ஒரே கோல். இரண்டாம் பாதியில் கோரிப்பாளையம் போட்டது. யார் ஜெயித்தார்கள் என்பது ரெஃப்ரிக்குச் சம்பந்தமில்லாத விஷயம், அதனால் அதை இத்தோடு விடுகிறேன். கோல் விழுந்ததும் கொட்டு, கூச்சல், எல்லாம் போன வருடம் போலவே. நான் நடுவட்டத்தை நோக்கிப் பின்னால் நடந்தபடி விரலைத் தூக்கினேன். அப்போது கோட்டருகே யாசினைப் பார்த்தேன். தன் ஆட்கள் கட்டிப்பிடித்துக் குதிக்க, அவர் குதிக்காமல் நின்று அவர்களை எண்ணிக்கொண்டிருந்தார். எண்ணி முடித்து என் பக்கம் திரும்பி, இரண்டு கையையும் உயர்த்திப் பத்து விரலையும் விரித்துக் காட்டினார். மடக்கிவிட்டு, ஒற்றை விரலை நீட்டினார்.

பதினொன்று.

அவர் எண்ணியது சரியாகத்தான் இருக்கும். இருந்தாலும் நான் கீப்பரிலிருந்து தொடங்கினேன். எண்ணி முடித்துவிட்டுத்தான் ஊதினேன்.